சாலைக்கு அந்தப் பக்கம்

வலது கண்ணை வரைந்து முடித்துவிட்டுக் கழுத்தை நிமிர்த்தினாள்.

சுவரோரம் நிறுத்தியிருந்த வாடகை கிரேன் லிஃப்ட்டின் கூண்டுக்குள் அவளும், அதை இயக்கும் சேர்மக்கனி அண்ணனும். நான்கு மாடிச் சுவர் முழுக்க, உப்பளத்தில் உப்பு வாரும் ஒருத்தியின் முகம். நாளைக் காலையில் கலெக்டர் வந்து திறந்து வைக்கிறார். லிஃப்ட் இன்று மாலையே போய்விடும்.

இவ்வளவு கிட்டே நின்றால் முகம் தெரியாது. புருவம் வெறும் கறுப்புப் பட்டை.

அதற்குத்தான் அவள் கணவன் நயினார். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று போனில் சொல்வான். அரை விரல் மேலே போ. உதடு கோணுது, பார். மழலையர் பள்ளிச் சுவர்களில் ஆனையும் முயலும் வரைந்த காலத்திலிருந்தே அவன் கண்ணை நம்பித்தான் அவள் கை ஓடியது. அப்போதெல்லாம் உச்சி வெயிலில் தொப்பிகூட இல்லாமல் நிற்பான். அந்த நயினாரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

கல்லூரியில் வாடா, போடா. கல்யாணத்துக்குப் பிறகு ஏங்க.

சுவரின் மூலையில் மட்டும் அன்றும் இன்றும் ஒரே பெயர். நயினார்.

இந்த முறை உன் பெயரும் உண்டு என்று சத்தியம் செய்திருந்தான். இன்று காலை வந்து பார்த்தால் அவன் பெயர் மட்டும் ஏறியிருந்தது. இடமில்லையாம்.

நாலு மாடிச் சுவரில்.

போன் இணைப்பு திறந்தே இருந்தது. கீழே டிவிக்காரப் பெண் அவனிடம் கேட்பது ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டது.

"மேல வேலை பாக்குறது யாரு சார்?"

"என் ஒய்ஃப். நான் ஸ்கெட்ச் போட்டுக் குடுத்துருவேன். அவங்க கலர் அடிப்பாங்க."

கலர் அடிப்பாங்க.

ஸ்கெட்ச்சும் அவளுடையதுதான். உப்பளத்துக்குப் போய், பாதம் வெடிக்க நின்று, அந்தப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து வரைந்தவள் அவள். அவன் காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தூரிகையை நனைத்தாள். இடது கண்ணை இன்னும் தொடவே இல்லை. அங்கே தோலின் நிறம் மட்டும் மொழுமொழுவென்று கிடந்தது.

"ஏங்க," என்றாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "இடது கண்ணு சரியா வந்திருக்கா?"

"சூப்பரா வந்திருக்கு. இனிமே கை வைக்காத, அப்படியே விட்டுரு."

திரும்பிக் கீழே பார்த்தாள். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எத்தனை சுவர்களில் இப்படிச் சொன்னானோ. எத்தனை கோணல்களைச் சரியென்று நம்பி இறங்கி வந்தாளோ.

ஹெட்போனைக் கழற்றினாள். தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். பெயின்ட் டப்பாக்களை அழுத்தி மூடினாள்.

சேர்மக்கனி சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எம்மா, அந்தக் கண்ணு?"

"அவரு சரின்னுட்டாருண்ணே. எறக்குங்க."