சந்தன மாலை

ஸ்கேன் முடிவு வந்த மறுநாள் காலை, தினகரன் முக்காலியில் ஏறி, மகன் நகுலின் படத்திலிருந்து சந்தன மாலையைக் கழற்றினார்.

மறதி நோயால் இன்னும் இரண்டு வருடத்தில் அவர் மனைவி பிரவீணாவின் கடைசிப் பத்து வருட நினைவுகள் போய்விடும் என்று மருத்துவமனையில் அடித்துச் சொல்லிவிட்டார்கள். நகுல் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்து ஆறு வருடம்தான் ஆகிறது. அதையும் மறந்த பிறகு, அவள் தினமும் காலையில் எழுந்து இந்த மாலையைப் பார்த்து, தினமும் புதிதாக மகனைப் பறிகொடுக்க வேண்டுமா?

பிரவீணா காபியோடு வந்து நின்றாள். இப்போதைக்கு அவளுக்கு மறப்பதெல்லாம் சாவி வைத்த இடமும் எதிர்வீட்டுக்காரி பெயரும்தான்.

"இப்பவே ஏங்க எடுக்கறீங்க? எனக்குத்தான் இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கே."

"நானும் பழகிக்கணுமில்ல."

அவள் காபியை மேசையில் வைத்தாள்.

"சரி, இப்ப நான் கேக்கறேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம். நகுல் எங்கங்க?"

தினகரன் முகத்தைத் தொங்கப் போட்டபடி முக்காலியிலிருந்து இறங்கினார்.

"கடைக்குப் போயிருக்கான். இப்ப வந்துடுவான்."

"முகத்த இப்படி வெச்சுக்கிட்டுச் சொன்னா நான் நம்ப மாட்டேன். கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

அவர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"கடைக்குத்தான் போயிருக்கான் பிரவீணா. இப்ப வந்துடுவான்."

அவள் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது. திரும்பிய தலை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள், கதவைப் பார்த்தபடியே.