ஒரு நாள் விடுப்பு

"ஊசியை வெளியில எடுத்துட்டு அப்புறம் நடுங்கும்மா!"

கையை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் அலறினார்.

பன்னிரண்டு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு நாள்கூட அவளுக்குக் கை நடுங்கியதில்லை. இன்று நடுங்கியது. காரணம், மேஜை மேல் கிடந்த செல்போன்.

பெற்றோர் குழுவில் யாரோ பள்ளி விளையாட்டு விழாப் படம் போட்டிருந்தார்கள். முட்டி மோதி நிற்கும் கூட்டத்துக்கு முன்னால், படத்தின் ஓரத்தில், அவள் மகள்!

வீட்டில் அப்பாவோடு இருக்க வேண்டியவள்.

மகளுக்குப் பத்து வயது. ஆட்டிசம். விளையாட்டு விழா என்று நோட்டீஸ் வந்தாலே போதும், "விசில் எத்தனை தடவை ஊதுவாங்க? எவ்வளவு சத்தமா ஊதுவாங்க?" என்று நாள் முழுக்க அதே கேள்விதான். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு தடவை கூட்டிப்போய்ப் பட்டது போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் விசிலுக்கே காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்தினாள். சுற்றி நின்றவர்களில் ஒருத்தர்கூடக் குழந்தையைத் தூக்க வரவில்லை. செல்போனைத்தான் தூக்கினார்கள்.

அன்றிலிருந்து எந்த விழா என்றாலும் அம்மா கையால் ஒரு விடுப்புக் கடிதம் போய்விடும். 'மகளுக்குக் காய்ச்சல்.' இந்த வருஷமும் போன வாரமே எழுதி, மகளிடம் கொடுத்தனுப்பியாயிற்று.

கணவனுக்குப் போன் போட்டாள். கட் செய்தான். மறுபடி போட்டாள். மறுபடி கட்.

பெரியவரைப் பக்கத்து மேஜைக்காரியிடம் தள்ளிவிட்டு, போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு ஓடினாள்.

மைதானத்து வேலியோரம் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான் கணவன்.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா? என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டு, புள்ளையைக் கொண்டுவந்து இங்க நிறுத்தியிருக்கீங்க!"

"கத்தாத. ஓட்டம் ஆரம்பிக்கப் போகுது."

"மறுபடி அதே மாதிரி விழுந்தா? மறுபடி நாலு பேரு படம் புடிச்சா?"

"ஒரு வாரமா சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னேன்ல, அது பொய். இங்கதான் பழகிட்டிருந்தோம். மொதல்ல காலி மைதானம். அப்புறம் பத்து பசங்க. அப்புறம் ஒரு கிளாஸ் முழுக்க."

"பொய் வேறயா! யாரு குடுத்த தைரியம் இது?"

அவன் மைதானத்தைக் காட்டினான்.

விளையாட்டு ஆசிரியர் கையில் விசில் இல்லை, ஒரு சிவப்புக் கொடி. ஓட்டம் முடியும் கோட்டருகே மகள் நின்றிருந்தாள். சத்தத்தை அடைக்கும், தலையை விடப் பெரிய ஹெட்போன். கையில் ஸ்டாப்வாட்ச்.

கொடி இறங்கியது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். கூட்டம் ஒரேயடியாகக் கூச்சல் போட்டது. மகளின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள்.

"ஐயோ, போச்சு! விழப்போறா!"

வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினாள் அம்மா. கணவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

மகள் ஆடிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் கண் கோட்டை விட்டு அசையவில்லை. முதல் பிள்ளையின் கால் கோட்டைத் தொட்டது. மகளின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சில் அழுந்தியது.

"பதினாலு புள்ளி மூணு ரெண்டு!"

பக்கத்தில் நின்ற ஆசிரியை எழுதிக்கொண்டார். அடுத்த ஓட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் படம் பிடிக்கவில்லை. ஸ்டாப்வாட்ச்காரியை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா தூக்கிய காலை இறக்கினாள். தன் மகளா? நிஜமாகவே தன் மகளா? சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். வந்ததென்னவோ கோபம். தலைமையாசிரியை அந்தப் பக்கம் வந்ததும் மறித்துக்கொண்டாள்.

"மேடம், நான் குடுத்தனுப்பின லீவு லெட்டர் என்ன ஆச்சு? பெத்தவ நான் வேண்டாங்கறேன், நீங்க பாட்டுக்கு..."

"வந்துச்சும்மா. ஒரு வாரம் முன்னாடியே தேதி சொல்லிட்டு வர்ற காய்ச்சலை நான் உங்க வீட்டுலதான் பாக்கறேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூடவே இன்னொரு லெட்டரும் வந்துச்சு. அதைப் படிச்சுட்டுத்தான் உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். உங்ககிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னு கண்டிஷன் வேற."

"யாரு கண்டிஷன்? யாரு எழுதின லெட்டர்?"

"உங்க பொண்ணுதான்."

"அவளா? அவளுக்கு லெட்டரெல்லாம் எழுத..."

"நாலு வருஷமா நீங்க எழுதறதைப் பாத்துட்டுத்தானே இருக்கா."

தலைமையாசிரியை கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"நீங்க எப்படியும் ஓடி வருவீங்கன்னு தெரியும். அதான் கையோட வச்சிருந்தேன்."

பிரித்தாள். அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எல்லாம் அவள் எழுதுகிற மாதிரியே வரிசையாக இருந்தன. எழுத்து மட்டும் மகளுடையது.

'மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, எனக்குக் காய்ச்சல் இல்லை. விளையாட்டு விழா வந்தால் என் அம்மா சாப்பிடமாட்டார். தூங்கமாட்டார். குழாயைத் திறந்துவிட்டு அழுவார். எனக்கும் பயம்தான். ஆனால் எனக்கு ஹெட்போன் இருக்கிறது. அம்மாவுக்கு எதுவும் இல்லை. ஆகவே, அன்று ஒரு நாள் மட்டும் என் அம்மாவுக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'