நாலு விரல்

சித்திரை வருடம் பிறந்துவிட்டது. மூலிகை அவித்த மருத்துநீர் வைத்து முழுகிய தலை காயுமுன்பே, நல்ல நேரம் பார்த்து அன்னப்பூரணி அந்த ஒட்டுத்துணிப் போர்வையைப் பன்பாயில் விரிக்கிறாள். பத்து வயதில் வாவிக்குப் போய்த் திரும்பாத மகன் வினோஜனுக்குத் தைப்பது. ஒவ்வொரு புதுவருடமும் நாலு விரல் நீளும். "படு மகள், அளப்பம்." அவனோடு இரட்டையாய்ப் பிறந்த யசோதினிதான் அளவுக்குப் படுக்க வேண்டும். பட்டம் வாங்கியவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இன்றைக்கே விளிம்பை மூடித் தைத்து இந்தக் கூத்தை முடித்துவிடுவதென்று கரைத்துணியோடு வந்திருக்கிறாள். "நானே வளந்து முடிஞ்சிட்டன். அவன் மட்டும் என்ன பனையா?" "வாய் காட்டாமப் படு புள்ள. அவன்ட கால் வெளிய கிடக்கும்." போர்வைக்குள் நுழைந்து படுக்கிறாள். போர்வை அவளைத் தாண்டி ஒரு முழம் கிடக்கிறது. யன்னலில் வெயில் அசையாமல் நிற்கிறது. எங்கோ சீனவெடி வெடித்து ஓய்கிறது. "பாருங்க, எவ்வளவு மிச்சமெண்டு" என்று தலையைத் தூக்குகிறாள். அவளுடைய பாதங்களுக்கு அப்பால், வெறும் பாயின்மேல், மல்லாந்து கிடப்பவனின் இரண்டு பாதங்களைப் போலத் துணி விளிம்போடு முட்டி மேடிட்டு நிற்கிறது. விளிம்புக்கு வெளியே பாய் நனைந்திருக்கிறது. அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள், நிமிரவில்லை. யசோதினி கரைத்துணியை மெல்லச் சுருட்டித் தலைக்குக் கீழே வைக்கிறாள். "கூட்டித் தையுங்க அம்மா, நாலு விரல் காணாது."