மாறவேளுக்கு ஒரே ஒரு ஓட்டு

அவள் கையில் ஊசி ஏறி முடிவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"துரோகின்னா துரோகிதான். இதுல பேச என்ன இருக்கு" என்றார் அடுத்த கட்டிலில் இருந்த பொன்னுரங்கம். ஓய்வுபெற்ற கண்டக்டர். ஒரு கையில் இரண்டு ஊசிகள் இருந்ததால் மற்ற கையை வீசிப் பேசினார்.

பேச்சு இளவரசன் மாறவேளைப் பற்றி.

டயாலிசிஸ் வார்டில் ஐந்து மெஷின், ஒரு டிவி. மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சரித்திரத் தொடர். அண்ணன் எதிரி நாட்டுச் சிறையில் கிடக்கிறான். தம்பி வந்து பிணையாக நின்றால் அவனை விட்டுவிடுவார்கள். போகிறேன் என்று சபையில் வாளைத் தொட்டுச் சொன்ன மாறவேள், விடிவதற்குள் பின்வாசல் வழியாக ஓடிவிட்டான்.

ஓடி இரண்டு மாதம் ஆகிறது. வார்டு இன்னும் அவனை விடவில்லை.

அமலோற்பவம் டீச்சர் அவன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். 'அந்த நாய்' என்பார். முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டிய வாய்.

அவள் மட்டும் அவன் பக்கம்.

"பயந்துட்டான். பயப்படுறது ஒரு குத்தமா" என்பாள். எப்போதும் இதே வாக்கியம்தான்.

"மாறவேளுக்கு ஒரே ஒரு ஓட்டு. அதுவும் நம்ம தங்கச்சி ஓட்டு" என்பார் பொன்னுரங்கம்.

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

எல்லாரையும் விட அவனை அதிகமாகத் திட்டுவது அவளுடைய அக்கா.

அக்காதான் வாரம் மூன்று நாள் ஸ்கூட்டியில் கூட்டி வருகிறாள். கூட வருபவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. தொடர் ஓடும் அரை மணி நேரம் மட்டும் அந்த விதிக்கு விடுமுறை.

தங்கையான அவளுடைய கணவனுக்குச் சர்க்கரை நோய். அம்மா அப்பா இல்லை. சிறுநீரகம் தர முடிந்தவள் அக்கா ஒருத்திதான். யாரும் கேட்பதற்கு முன்னால் தானே தருகிறேன் என்றாள். எல்லாப் பரிசோதனைக்கும் வந்தாள்.

கடைசியில், பொருந்தவில்லை என்றார் டாக்டர்.

அக்கா கட்டிக்கொண்டு அழுதாள். அவள்தான் தேற்றினாள்.

ஒரு மாதம் கழித்து, காப்பீட்டுக்கு நகல் எடுத்துவரச் சொல்லி மருத்துவக் கோப்பை அவள் கையிலேயே கொடுத்தார்கள். பொருந்துகிறது என்றுதான் அதில் இருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. தருபவருக்கு விருப்பமில்லை, நோயாளியிடம் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லவும்.

மறுப்பவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அப்படிச் சொல்வது வழக்கமாம்.

நல்ல வழக்கம்.

அவள் நகல் எடுத்தாள். கோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். பதினோரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. அக்கா வராவிட்டால் கூட்டி வர வேறு ஆள் இல்லை. இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். மகள் இப்போதுதான் ஆறாம் வகுப்பு.

ரோஷப்படுகிற வசதி அவளுக்கு இல்லை.

அதனால்தான் மாறவேளுக்கு ஓட்டு. அவனைத் திட்ட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இன்று டிவியில் அண்ணன் சிறையில் இருமிக்கொண்டிருந்தான். மாறவேள் மாமனார் வீட்டில் தன் ஒரே மகனை மடியில் வைத்துச் சோறு ஊட்டினான். நடுவில் தானும் ஒரு வாய் சாப்பிட்டான்.

"சோறு இறங்குது பாரு இவனுக்கு" என்றாள் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா. "கூடப் பொறந்தது அங்க சாகுது. நானா இருந்தா அன்னைக்கே போய் நின்னிருப்பேன்."

"அப்படிச் சொல்லும்மா" என்றார் பொன்னுரங்கம். டீச்சரும் தலையாட்டினார்.

பதினோரு மாதமாக விழுங்கியது அத்தனையும் ஒன்றாக மேலே வந்தது.

"உனக்குப் பொருந்துச்சேக்கா."

மெதுவாகத்தான் சொன்னாள்.

அக்கா டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

"என்னம்மா பொருந்துச்சு?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

விளம்பரம் வந்தது. ஒருவன் குளிர்பானத்தை மடமடவென்று குடித்தான். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாத ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள்.

அக்கா எழுந்து வெளியே போனாள்.

நான்கு மணி நேரம் முடிந்ததும் டெக்னீஷியன் ஜெரால்டு ஊசிகளை உருவினார். அந்த இடத்தில் பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது எப்போதும் அக்காவின் வேலை. இன்று வருவாளா என்று அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வந்தாள். முகம் கழுவியிருந்தாள். பஞ்சை வாங்கி அழுத்திப் பிடித்தாள்.

பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவனுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குல்ல."

மாறவேளுக்கு ஒரு பிள்ளைதான். இரண்டு பிள்ளைகள் அக்காவுக்கு.

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்பது முதலில்.

ரத்தம் நின்றிருந்தது. அக்கா இன்னும் கையை எடுக்கவில்லை.

"புதன்கிழமை பன்னெண்டரைக்கு வந்துருவியாக்கா" என்று கேட்டாள்.