ஏழாம் எண்

"பொய்! இந்த ஏழாம் நம்பர் வாய் கூசாம புளுகுது. நீயும் அதை நம்பி ஆய்வேட்டுல ஏத்தியிருக்கே!"

உணவியல் துறைத் தலைவி மேசையில் ஓங்கி அடித்தார். திரையில் ஏழாம் எண்ணுக்குரிய இரண்டு கோடுகள் தெரிந்தன. உண்டதாகச் சொன்ன கலோரி வாரந்தோறும் இறங்கியது. உடல் எடையோ ஏறியது. ஆய்வில் பங்கேற்ற ஆசிரியர்கள், 'நானில்லை' என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆய்வு மாணவி திரையைச் சுட்டினாள். "குறைச்சுச் சொல்றது மனுஷ இயல்பு மேம். அதுவும் ஒரு முடிவுதானே?"

"வக்காலத்து வாங்காதே! திருட்டுத் தீனி தின்னுட்டுப் பட்டினிக் கணக்கு காட்டுற ஜென்மம் அது. யாருன்னு சொல்லு."

"சொல்லக் கூடாது மேம். யாருக்கு எந்த நம்பர்னு எனக்கு மட்டும்தான் தெரியணும்கிறது நீங்க போட்ட விதி."

உண்மைதான். தம் எடை தமக்கே தெரியாதபடி, எல்லாரும் எடை இயந்திரத்தில் முதுகைத் திருப்பித்தான் நிற்க வேண்டும் என்று கறாராகச் சொன்னவரும் அவரே.

"போட்ட நானே எடுக்கறேன். அந்தப் புளுகு மூட்டையை இப்பவே என் கண்ணு முன்னாடி மெஷின்ல ஏத்து. இல்லேன்னா உன் ஆய்வேட்டுல என் கையெழுத்து கிடையாது!"

மாணவி மூலையிலிருந்த எடை இயந்திரத்தைத் தூக்கி வந்தாள். தலைவியின் காலடியில் மெல்ல வைத்தாள்.

"ஆய்வுக்கு ஆள் குறையுதுன்னு நீங்களே வந்து சேர்ந்தீங்களே மேம்... ஏறுங்க. இன்னைக்கு முதுகைத் திருப்ப வேண்டாம்."