அடுப்புச்சாமியின் வாய்

ஷியூயுன் வீட்டில் அடுப்பு இருக்கிறதா, இல்லையா?

மரகதப் பேரரசர் கேட்டது அவ்வளவுதான். அடுப்புச்சாமி வாயைத் திறக்கவில்லை.

வானுலகம் கம்பெனி ஆனதிலிருந்து பேரரசரைச் சேர்மன் என்றுதான் கூப்பிட வேண்டும். கீழே இன்பபுரி நகரமும் அதே கம்பெனியுடையது. அங்கே பசி கிடையாது, புகை கிடையாது, சமையலும் கிடையாது. வேளாவேளைக்கு டப்பாவில் சோறு வாசலுக்கு வந்துவிடும். திருட்டுத்தனமாக அடுப்பு வைத்திருந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அடுப்பில்லாத வீட்டில் அடுப்புச்சாமிக்கு என்ன வேலை? மற்ற வீட்டு அடுப்புச்சாமிகளையெல்லாம் ஏற்கெனவே டப்பா தூக்க அனுப்பிவிட்டார்கள்.

ஷியூயுன் கட்டிலுக்கடியில் ஒரு சின்ன மின்னடுப்பை ஒளித்து வைத்திருந்தாள். அவள் அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. எண்ணெயில் வெங்காயத்தாள் பொரியும் வாசனை வந்தால் மட்டும் தலையை நிமிர்த்தி, "வந்துட்டியா குட்டி?" என்பாள். அதைக் கேட்கத்தான் மகள் இந்தப் பாடு பட்டாள்.

புத்தாண்டுக்கு முன்பு படத்தைக் கொளுத்தி, வீட்டில் நடந்ததைச் சொல்லச் சாமியை மேலே அனுப்பும் நாள் இது. சுவரில் ஒட்டியிருந்த படத்தில் சாமியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கோள் சொல்லாமல் வாய் ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஷியூயுன் சாமியின் உதட்டில் கெட்டிப் பாகை அப்பினாள். பிறகு அவசரமாகப் படத்தைக் கொளுத்தினாள்.

சேர்மன் மறுபடி கேட்டார். சாமி உதட்டைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

சேர்மன் சாமியின் மனைவி பக்கம் திரும்பினார். அவளும் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

பதில் வராவிட்டால் அடுப்பு இல்லையென்று அர்த்தம். அதுதான் கம்பெனி வழக்கம். ஷியூயுனின் வீடு தப்பியது. சாமிக்கு வேலை போயிற்று. சோற்று டப்பா தூக்குபவரின் மஞ்சள் சட்டையைக் கையில் கொடுத்து லிஃப்டில் ஏற்றிவிட்டார்கள்.

லிஃப்ட் இறங்கியது. மனைவி சட்டையை உதறி அவருக்கு மாட்டிவிட்டாள்.

"ஏங்க, மேல போற வழியிலயே பாகை எல்லாம் நக்கித் தின்னுட்டீங்களே. நான் பாக்கலன்னா நெனச்சீங்க?"

சாமிக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு அவள் உதட்டைப் பார்த்தார்.

"உன் வாய்ல அந்தப் பொண்ணு தடவவே மறந்துட்டாளேடி."

அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.