கூடாரம் அடிக்கும் வளைவு

அக்டோபர் மாலை வெயில் சமையலறை மேசைமேல் விரித்த, ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலை வரைபடத்தின் மடிப்புகளில் தேங்கி நிற்கிறது. அடுப்பில் செஸ்ட்நட் கொட்டைகள் படபடவென்று வெடிக்கின்றன. பதினாறு வருஷம் கழித்து டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் அடுத்த ஜூலையில் மறுபடி அந்த மலை ஏறப்போகிறது என்று பேப்பரில் பார்த்ததிலிருந்து, எழுபத்தொன்பது வயது அர்மானுக்கு இருபத்தொன்றுதான் நடக்கிறது. மலைப்பாதையின் ஏழாவது வளைவைச் சுற்றி அவர் வட்டம் போட்டுப் போட்டுத் தாளே ஓட்டையாகிறது. "மூணு நாள் முன்னாடியே போய்க் கூடாரம் அடிச்சிடலாம். நீ வரலேன்னா நானும் போகல, சொலாஞ்ஜ்." மனைவி கொட்டையை உரித்தபடி நிமிராமல் சொல்கிறாள்: "போன தடவை மழையில நனைஞ்சது போதும்." "மழையா அது? நாலு தூறல்!" "நாலு தூறலுக்கா என் செருப்பு ஸ்பெயினுக்கு மிதந்து போச்சு? அப்படிக் காத்துக் கிடந்து நீ என்னத்தப் பாத்த? எவனோ ஒரு சைக்கிள்காரன் வீசின தண்ணி பாட்டிலப் பொறுக்கக் குனிஞ்ச. முதல்ல வந்த மஞ்சள் சட்டைக்காரன் போயே போயிட்டான்." அர்மானோ அந்த மஞ்சள் சட்டையைத் தொடுகிற தூரத்தில் பார்த்ததாகப் பதினாறு வருஷமாக ஊரெல்லாம் கதையளந்துவருகிறார். அவளும் ஒருநாள்கூடக் காட்டிக்கொடுத்ததில்லை. உரித்த கொட்டையை அவர் வாயில் திணித்துவிட்டு, பென்சிலைப் பிடுங்கி ஒன்பதாவது வளைவில் அழுத்திப் புள்ளி வைக்கிறாள். "கூடாரத்த இங்க அடி, கிழவா. ஏத்தம் செங்குத்து, அத்தனை பேரும் ஆமையாத்தான் ஊர்ந்து வருவானுங்க. நீ குனிஞ்சு நிமிந்தாக்கூடப் பாத்துடலாம்."